பெம்பேயா ஜாஸ் குழுவின் ‘ரெகார் சூர் ல பாஸே’: தட்டு முழுக்க ஒரே பாட்டு

தாளக்கட்டு எழுதியது:

ஆப்பிரிக்க கிதார் இசை என்று பேச்சு எடுத்தாலே இங்கே எல்லோரும் மாலிக்குப் போய்விடுகிறோம். பக்கத்திலேயே இருக்கும் கினியாவை யாரும் தொடுவதில்லை. அந்தக் குறை தீரத்தான் இந்த இழை.

எடுத்துக்கொண்டிருப்பது பெம்பேயா ஜாஸ் நேஷனல் குழுவின் ‘ரெகார் சூர் ல பாஸே’. கடந்த காலத்தைத் திரும்பிப் பார்ப்பது என்று பொருள். சிலிஃபோன் என்ற அரசு இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. தட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டு, அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற சாமோரி தூரேயின் கதை. இதை வாசித்தவர்கள் ராத்திரி முழுக்க ஜனங்களை ஆடவைத்த ஒரு நடனக் குழு என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

முன்கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 1958 செப்டம்பர் 28 அன்று பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளில் வாக்கெடுப்பு நடத்தியது. எங்கள் குடையின் கீழேயே இருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. கினியா மட்டும் முடியாது என்று சொன்னது. நான்கே நாளில், அக்டோபர் 2 அன்று விடுதலை. புதிய தலைவர் செக்கூ தூரே முதலில் செய்த வேலைகளில் ஒன்று, ஐரோப்பிய நடன இசை வாசித்துக்கொண்டிருந்த குழுக்களைக் கலைத்தது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வட்டாரத்திலும் அரசே ஒரு குழுவை உருவாக்கி, கிதார், சாக்ஸஃபோன், டிரம்பெட் எல்லாம் வாங்கிக் கொடுத்தது. இந்த மண்ணின் பாட்டை இந்தக் கருவிகளில் வாசியுங்கள் என்பதுதான் உத்தரவு.

அப்படி 1961இல் நாட்டின் தென்கிழக்கே, தலைநகர் கொனாக்ரியிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் பெய்லா என்ற ஊரில் பிறந்ததுதான் இந்தக் குழு. அந்தப் பக்கத்து ஆற்றின் பெயர் பெம்பேயா. 1964, 1965 தேசிய விழாக்களில் தங்கம் வாங்கினார்கள். 1966இல் தேசிய இசைக்குழு ஆனார்கள்.

சாமோரி பிடிபட்டது 1898 செப்டம்பர் 29. வாக்கெடுப்பு நடந்தது அதற்கு ஒரு நாள் குறைய அறுபது ஆண்டு கழித்து. இந்தப் பொருத்தத்தைக் கினியா அரசு விடுமா? 1968இல் சாமோரியின் எலும்புகளை, அவர் நாடு கடத்தப்பட்டு இறந்த காபோனிலிருந்து கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 28, பத்தாம் ஆண்டு விழாவில் பெம்பேயா இந்தப் படைப்பை மேடையேற்றியது. மறு வருடம் அல்ஜியர்ஸில் நடந்த அனைத்து ஆப்பிரிக்கக் கலைவிழாவில் வெள்ளிப் பதக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாந்தே (கினியா, மாலிப் பக்கத்து மக்கள் கூட்டம்) மின்கிதார் இசையில் இதற்கு இணையான தட்டு கிடையாது. கேட்டவர்கள் எழுதுங்கள்.

புதுக்காது எழுதியது:

உங்கள் பதிவைப் பார்த்துவிட்டுத் தேடிக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் பாதியில் நிறுத்திவிட்டேன். ஒருவர் பிரெஞ்சில் பேசிக்கொண்டே இருக்கிறார், அப்புறம் மனிங்காவில் பாட்டு, மறுபடி பேச்சு. இரண்டு மொழியும் எனக்குத் தெரியாது. அடியில் கிதார் ஒரே மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. இதில் எதைப் பிடித்துக்கொண்டு போவது? இதே குழுவின் மற்ற பாட்டுகள் உடனே பிடித்துவிட்டன. குறிப்பாக அந்தக் கியூபா வாடை அடிக்கிற பாட்டுகள்.

ஆறுகம்பி எழுதியது:

தம்பி, ஒரே மாதிரி போகிறது என்று சொன்னீர்களே, அந்தக் கிதாரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வாசிப்பவர் செக்கூ ஜபாத்தே. பெயரோடு பெம்பேயாவும் சேர்ந்துவிட்டது, செக்கூ பெம்பேயா என்றுதான் சொல்வார்கள். ஜபாத்தே, குயாத்தே என்றெல்லாம் பெயர் வந்தால் பரம்பரை ஜெலி குடும்பம். ஜெலி என்றால் அரசர்களின் வம்சத்தையும் போரையும் வாழ்த்தையும் மனப்பாடமாக வைத்திருந்து பாடிச் சொல்பவர். அந்த வீடுகளில் பலஃபோனும் கோராவும் புழங்கும். பலஃபோன் மரச்சட்டங்களை இரண்டு கோலால் தட்டி வாசிப்பது, கோரா இருபத்தொரு நரம்பு உள்ளது.

கோரா வாசிப்பில் இரண்டு வேலை உண்டு. அடியில் விடாமல் சுற்றி வருகிற ஒரு சிறு அமைப்பு, அது கும்பென்கோ. அதிலிருந்து திடீரென்று பிய்த்துக்கொண்டு மேலிருந்து கீழே கொட்டுகிற ஓட்டம், அது பிரிமிந்திங்கோ. செக்கூ பெம்பேயா கிதாரில் செய்வதும் இதேதான். கட்டைவிரல் கீழ்க்கம்பிகளில் சுற்றை விடாமல் வைத்திருக்கும், ஆள்காட்டி விரல் மேலே கொட்டும். கோராவிலும் இரண்டு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் வேலை செய்யும். விரல் பழக்கம் அப்படியே கிதாருக்கு வந்துவிட்டது.

இப்போது மறுபடி போட்டு, பேச்சை விட்டுவிட்டுச் சுற்றை மட்டும் கவனியுங்கள். பேசுபவர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில் கிதார் ஒரு சிறு ஓட்டம் விடும். அவர் மறுபடி தொடங்கினதும் அடங்கிச் சுற்றுக்குள் போய்விடும். ஒரே மாதிரி போவதுபோலத் தெரிந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒரு சுரம் முந்தும், பிந்தும், விடுபடும். அப்புறம் அபூபக்கர் தெம்பா கமாராவின் குரல் வரும்போது பாருங்கள். உச்சத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்கிவரும். ஜெலி பாட்டின் நடையே அதுதான், ஏறுவது குறைவு, மேலே போய் நின்று இறங்குவது அதிகம். கிதார் ஓட்டமும் அதே திசையில்தான் இறங்குகிறது.

எனக்கு வியப்பான இன்னொரு விஷயம். மாந்தே பலஃபோனில் ஒரு ஸ்தாயியை ஏறக்குறைய சமமான ஏழு இடைவெளிகளாகப் பிரிப்பார்கள். கிதாரில் பன்னிரண்டு. அந்த ஏழின் ருசியை இந்தப் பன்னிரண்டுக்குள் கொண்டுவர வேண்டும். கம்பியை லேசாக இழுத்தும், எதிரொலியைக் கூட்டியும், சில சுரங்களை ஒரு நொடி தொட்டுவிட்டு ஓடியும் சமாளிக்கிறார். இதை வாசித்துப் பார்க்க முயன்றவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். 1977இல் லாகோஸ் நகரில் நடந்த பெரிய கலைவிழாவில் இவருக்கு ‘வைர விரல்’ என்று பட்டம் கொடுத்தார்கள். பொருத்தமான பட்டம்.

மணற்கேணி எழுதியது:

இசையைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்தத் தட்டு யாருக்காக, எதற்காகச் செய்யப்பட்டது என்பதை இழையின் தொடக்கத்தில் ரொம்ப லேசாகத் தாண்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

செக்கூ தூரே தன்னைச் சாமோரியின் கொள்ளுப்பேரன் என்று சொல்லிக்கொண்டவர். சாமோரியைப் புகழ்கிற ஒவ்வொரு வரியும் நாற்காலியில் இருப்பவரைப் புகழ்வதாகத்தான் முடியும். குழுவுக்குச் சம்பளம் கொடுத்தது அரசு, கருவி கொடுத்தது அரசு, பதிவு செய்தது அரசு வானொலி, வெளியிட்டது அரசு நிறுவனம். சிலிஃபோன் என்ற பெயரில் இருக்கும் சிலி என்றால் சூசூ மொழியில் யானை. ஆளும் கட்சியின் சின்னம் அதுதான்.

அல்ஜியர்ஸில் பதக்கம் வாங்கிய அதே 1969இல் கொனாக்ரியில் என்ன நடந்தது? உலகம் முழுக்கச் சுற்றிய ஆப்பிரிக்க பாலே குழுவை உருவாக்கியவர் கெய்த்தா ஃபொதேபா. செக்கூ தூரேயின் அமைச்சராகவும் இருந்தவர். சதிக் குற்றச்சாட்டில் பிடித்து, போய்ரோ முகாமில் அடைத்துக் கொன்றார்கள். கினியாவின் கலையை உலகுக்குக் காட்டிய மனிதருக்கே அந்த கதி. அந்த முகாமில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

சாமோரியும் தட்டில் வருகிற அளவுக்கு நேரான ஆள் இல்லை. அவர் மகன் கரமோகோ 1886இல் பாரிஸ் போய் வந்தவன். பிரான்சின் பலத்தைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் சமாதானம் பேசலாம் என்றான். அதற்காக அப்பாவே அவனை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்டார். 1897இல் கோங் நகரத்தைச் சாமோரியின் படை அழித்தது. படிப்புக்கும் வணிகத்துக்கும் பெயர்போன பழைய ஊர் அது. அந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் இந்தத் தட்டை எப்படிக் கேட்பார்கள்?

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் கேட்கலாம். நானும் கேட்கிறேன். ஆனால் தெரியாமல் கேட்டு ஆகா ஓகோ என்பது சரியில்லை.

தாளக்கட்டு எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை, இந்த இழையில் இருக்கவேண்டிய உண்மை. அதை ஒதுக்கிவைத்துவிட்டு இசையை மட்டும் ரசிப்போம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப் பிரிக்கவும் முடியாது. இந்தத் தட்டு முழுக்க முழுக்கப் புகழ்ச்சி.

ஆனால் புகழ்ச்சிதான் ஜெலியின் தொழில் என்பதையும் பார்க்க வேண்டும். செக்கூ தூரே அதைக் கண்டுபிடிக்கவில்லை. சாமோரி உயிரோடு இருந்தபோதே அவரையும் அவர் ஆட்களையும் பற்றி ஜெலிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் தம்பியும் தளபதியுமான கெமே புரேமாவைப் பற்றிய பாட்டு இன்றும் கினியாவிலும் மாலியிலும் கோரா, பலஃபோன் கற்றுக்கொள்கிறவர்கள் வாசிக்கிற பாட்டு. கட்சியும் வானொலியும் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே அது இருந்தது. அந்தப் பழைய சரக்குதான் இந்தத் தட்டின் உடம்பு. அரசு அதற்கு மேடை போட்டது, தன் பெயரையும் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று, யார் கேட்டார்கள் என்பது. 1968இல் கொனாக்ரியில் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் பள்ளிக்கூடம் போனவர்கள் படித்தது பிரெஞ்சுப் பாடப்புத்தகம். அதில் சாமோரி ரத்தவெறி பிடித்த கொள்ளைக்காரன். தட்டின் தொடக்கத்தில் வரும் பிரெஞ்சுப் பேச்சு இந்தப் பொய்க்குத்தான் பதில் சொல்கிறது. தன் ஆதிக்கத்தை நியாயப்படுத்தத்தான் காலனியாட்சி இவர்களைக் காட்டுமிராண்டி அரசர்களாகச் சித்திரித்தது என்கிறது. பேச்சு ஏன் பிரெஞ்சில் இருக்கிறது என்று புதுக்காது கேட்கலாம். பாடப்புத்தகம் எழுதியவனுக்கும் புரிய வேண்டுமே!

பிரெஞ்சுத் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்து அதே மாதிரி செய்த கொல்லர்கள் சாமோரியிடம் இருந்தார்கள். பதினாறு பதினேழு வருடம் அந்தப் படை ஓயாமல் நின்றது. இதையெல்லாம் மறைத்துச் சொல்லிக் கொடுக்கப்பட்ட ஒரு தலைமுறை, அதைத் தன் மொழியில், தன் ஊர்ச் சுற்றில், மின்கிதார் போட்டுக் கேட்டது. அந்த உணர்ச்சி கட்சிக்காக வந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

கரமோகோ விஷயத்தை நீங்கள் சொன்னது நல்லது. அந்தத் தகப்பனும் மகனும் நமக்குத் தெரிந்திருந்தால்தான் தட்டு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதும் காதில் விழும்.

வில்லடி எழுதியது:

கன்னியாகுமரிப் பக்கத்துக்காரன். எங்கள் குடும்பத்தில் வில்லுப்பாட்டு உண்டு. அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன், புதுக்காதுக்கு உதவலாம்.

மாந்தே ஊர்களில் ஜெலி கதை சொல்லும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் ‘நாமு’ என்று பதில் கொடுப்பாராம். எங்கள் மேடையில் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவதுபோல. அந்த ‘ஆமா’ விழாவிட்டால் புலவருக்குக் கதை ஓடாது, எத்தனை பெரிய புலவராக இருந்தாலும் சரி. பேச்சும் பாட்டும் மாறி மாறி வருவது ஆட்டம் தடைப்படுவதற்காக இல்லை. பேச்சில் சம்பவம் நகரும், பாட்டில் அந்தச் சம்பவத்தின் மேல் நின்று உணர்ச்சி சொல்வோம். பேச்சு இல்லாமல் பாட்டு மட்டும் கேட்டால் நிற்க இடம் இருக்காது.

ஆறுகம்பி அண்ணன் சொன்ன இடங்களைக் கேட்டேன். இந்தத் தட்டில் பதில் கொடுக்கிற வேலையைக் கிதார் எடுத்துக்கொண்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஊது கருவிகள் வருகிற இடமும் அப்படித்தான், ஒரு கட்டம் முடிந்தது என்று முத்திரை வைப்பதற்கு.

புதுக்காது எழுதியது:

நன்றி அண்ணா. இரண்டு பேர் சொன்னதையும் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன், இந்த முறை கடைசி வரைக்கும். பேச்சு முடிந்து கிதார் வெளியே வருகிற இடங்களுக்குக் காத்திருக்க ஆரம்பித்ததும் நீளம் தெரியவில்லை. முதலில் எனக்கு இடைஞ்சலாக இருந்ததே அந்த மனிதரின் குரல், அதன் கண்டிப்பும் பிடித்துப் போய்விட்டது.

பாடகரைப் பற்றி யாராவது எழுதுங்களேன். அந்தக் குரல் என்னை விடவில்லை.

ஆறுகம்பி எழுதியது:

தெம்பா கமாரா. மேற்கு ஆப்பிரிக்காவின் ஆகப் பெரிய நடனக்குழுப் பாடகர் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். நீங்கள் ரசித்த அந்தக் கியூபா வாடை சும்மா வந்ததில்லை. 1965இல் குழு கியூபாவுக்கே போயிருக்கிறது. ஸ்பானிய மொழிப் பாட்டை அவர் பாடிய விதத்தில் அங்கிருந்த பெரிய பாடகர் அபெலார்தோ பாரோசோ கண் கலங்கினார் என்று சொல்வார்கள். அந்தக் கிறங்கும் பாட்டையும் சாமோரியின் வீரத்தையும் ஒரே தொண்டை பாடியிருக்கிறது என்பதைச் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்தத் தட்டில் அவர் குரலில் குழைவை அநேகமாக எடுத்தே விட்டார்.

1973 மார்ச் 31, நிகழ்ச்சிக்காக செனகலின் டக்காருக்குப் போனபோது கார் விபத்து. ஏப்ரல் 5 அன்று இறந்துவிட்டார். கினியா அவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு செய்தது. குழு அதற்குப் பிறகும் வாசித்தது, நல்ல பாட்டுகளும் தந்தது. ஆனால் தெம்பா இருந்த பெம்பேயா வேறு.

பழையதட்டு எழுதியது:

பதிவுகளைத் தேடுகிறவர்களுக்காக.

1984 மார்ச்சில் செக்கூ தூரே இறந்தார், அடுத்த வாரமே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சிலிஃபோனும் அத்தோடு போனது. 1985இல் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியில் கொனாக்ரி வானொலி நிலையம் தாக்கப்பட்டு, சேமிப்பில் இருந்த நிறைய ஒலிநாடாக்களும் தட்டுகளும் அழிந்தன. எல்லாம் போய்விட்டது என்றுதான் பல காலம் நினைத்தார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர் கிரேம் கவுன்சல் 2008 முதல் சில ஆண்டுகள் அங்கே போய், மிஞ்சியிருந்த நாடாக்களைத் தேடி எடுத்து எண்ணிமமாக்கினார். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவாபத்து ஆவணத் திட்டம் அதற்குப் பணம் கொடுத்தது. 9,000க்கும் மேற்பட்ட பாட்டுகள் கிடைத்தன. மேடையில் பதிவானவை, தட்டாக வெளிவராதவை எல்லாம் அதில் உண்டு. மணற்கேணி சொன்ன அந்த அரசு, பாட்டை எவ்வளவு கவனமாகப் பதிவு செய்து வைத்தது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

லண்டனின் ஸ்டெர்ன்ஸ் நிறுவனம் 2004இல் ‘சிலிஃபோன் ஆண்டுகள்’ என்று பெம்பேயாவின் பழைய பாட்டுகளை இரட்டைக் குறுந்தகடாகப் போட்டது. தொடங்குகிறவர்களுக்கு அதுதான் சரியான வாசல்.

பழைய மனிதர்கள் மறுபடி கூடி 2002இல் ‘பெம்பேயா’ என்ற பெயரிலேயே ஒரு தட்டு போட்டார்கள், மராபி நிறுவனம். பழைய பாட்டுகள் சிலவற்றைத் திரும்ப வாசித்திருக்கிறார்கள். ஒலி தெளிவு, செக்கூ பெம்பேயாவின் விரலில் வேகம் குறையவே இல்லை. எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தத் தெளிவில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக நிற்கிறது. 1960களின் வானொலிப் பதிவில் கிதாரும் ஊது கருவியும் ஒன்றின்மேல் ஒன்று கசிந்து கலந்திருக்கும். இந்த இசைக்கு அந்தக் கலப்புதான் நல்லது.

மணற்கேணி எழுதியது:

தாளக்கட்டின் பதிலைப் படித்தேன். பாதி ஒத்துக்கொள்கிறேன். பாடப்புத்தகம் பற்றிச் சொன்னது எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை குடும்பத்தில் பிறகு ஆள் காணாமல் போனது என்ற கேள்வியை என்னால் விடமுடியாது.

மாலிப் பக்கம் இருந்தும் இதைப் பார்க்க வேண்டும். 1887, 88இல் சாமோரி சிக்காசோ நகரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார், பிடிக்க முடியவில்லை. அந்த ஊர் இப்போது மாலியில் இருக்கிறது. அவர்களுக்கு வீரன் தங்கள் அரசன் தியேபா. ஆக, மாந்தே இசை என்று ஒன்றாகச் சொல்கிறோமே, ஒரே நரம்பில் ஒரு ஊரின் வெற்றியும் அடுத்த ஊரின் முற்றுகையும் இருக்கிறது.

பமாக்கோ ரயில் பேண்ட் 1970இல் தொடங்கியது. மாலி ரயில்வேயின் ஆதரவில், ஸ்டேஷன் ஓட்டலில் வாசித்த குழு. அவர்களும் ஒரு நீண்ட வரலாற்றுப் பாட்டைத் தட்டாகப் போட்டார்கள். அது பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாத்தாவின் கதை. அங்கே இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் சுன்ஜாத்தா எல்லா மாந்தே ஊருக்கும் பொது. சாமோரி அப்படி இல்லை. அவரைப் பார்த்தவர்கள், அவரிடம் அடிபட்டவர்களின் பிள்ளைகள் 1968இலும் உயிரோடு இருந்தார்கள்.

தாளக்கட்டு எழுதியது:

அக்கா சொன்ன ரயில் பேண்ட் ஒப்பீடு முக்கியமானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ரயில் பேண்ட் தட்டில் கதை நிதானமாக விரிகிறது, நெருக்கடி இல்லை. பெம்பேயாவில் ஒரு அவசரம் இருக்கிறது, வழக்கு நடக்கிற இடத்தில் சாட்சி சொல்கிற அவசரம். வழக்கு இன்னும் முடியவில்லை என்று அந்தக் குழுவுக்கும் தெரிந்திருக்கிறது.

புதுக்காது தனிமடலில் வரிசை கேட்டிருந்தார், இங்கேயே சொல்கிறேன். முதலில் ஸ்டெர்ன்ஸ் இரட்டைக் குறுந்தகடு. அதில் தெம்பாவின் குரல் பழகட்டும். அடுத்து ‘ரெகார்’, ஒரே மூச்சில், தட்டைத் திருப்பும் இடத்தைத் தவிர வேறெங்கும் நிறுத்தாமல். அப்புறம் ரயில் பேண்டின் சுன்ஜாத்தா. 2002 தட்டு கடைசியில். செக்கூ பெம்பேயா தனியாகப் போட்ட ‘கிதார் ஃபோ’ 2004இல் வந்தது, ஆறுகம்பி சொன்ன கட்டைவிரல் வேலையை அதில் இன்னும் பக்கத்தில் கேட்கலாம்.

கெமே புரேமா பாட்டின் கோரா வடிவமும் பலஃபோன் வடிவமும் யாரிடமாவது இருந்தால் இணைப்பைப் போடுங்கள். அந்தச் சுற்றை மூன்று கருவியிலும் வரிசையாக வைத்து, எந்தச் சுரம் எங்கே போனது என்று அடுத்து பார்ப்போம்.